கட்டடம் ஆடுற பெட்டி

சித்தெ அக்கட்டால நகந்து உக்காரு அம்மிணி. இந்தப் பையைக் கீழ வெக்க முடியாது, எவனாவது செருப்புக்காலோட மிதிச்சுப்போடுவான். மேல வெச்சாக் குலுக்கல்ல விழுந்துரும். மடியிலயே இருக்கட்டும். உள்ள லேப்டாப்பு. என்ற பொண்ணுக்கு. தூக்கிப் பாரு, எத்தனை லேசு! ஒரு தோசைக்கல்லுக் கனம்கூட இல்ல. வெள்ளை வெளேர்னு இருக்கும். சத்தமே வராதாம். உள்ள காத்தாடியே இல்லயாம்.

இன்னிக்குத்தான் மாத்திட்டு வர்றேன். இதுக்கு முன்னால ஒண்ணு வெச்சிருந்தா பாரு, சீ! நெனச்சாலே கொமட்டுது. அதைத் தூக்குன கையையே சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் உக்கடத்துல பஸ் ஏறுனேன். சிரிக்காதே. முழுசாக் கேட்டீன்னா நீயும் கழுவியிருப்பே. எங்க எறங்கோணும் நீ? பொள்ளாச்சியா? நான் கெணத்துக்கடவு. நேரம் கெடக்குது, கேளு.

என்ற பொண்ணு சிவில் இன்ஜினியரு. பேரு மௌனிகா. பேருதான் மௌனிகா, வாயைத் தொறந்தா ஊரே கேக்கும். இங்க கோயமுத்தூருல ஒரு டிசைன் ஆபீசுல ட்ரெய்னியா இருக்கறா. ஓனரு பேரு சுந்தரவடிவேல் சாரு. ஒரு கட்டடத்துக்குத் தூண் எத்தனை தடிப்பு வேணும், உள்ள கம்பி எத்தனை போடோணும், இதையெல்லாம் கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாத்துச் சொல்ற வேலை. நாளைக்குக் காத்தால ஒரு பள்ளிக்கூடத்து டிரஸ்ட்டுக்காரங்க ஆபீசுக்கு வர்றாங்க. மூணு மாடிப் பள்ளிக்கூடம். டிசைன் மொத்தமும் இவ ஒருத்தியே செஞ்சது. இவளே லேப்டாப்பை விரிச்சு வெச்சு அவங்களுக்குக் காட்டோணும். அது நல்லபடியா முடிஞ்சா வேலை பெர்மனென்ட்டு. இல்லாட்டி "வேற எடம் பாத்துக்கம்மா"ன்னுட்டாரு சாரு. எங்கூட்டுல சம்பாத்தியம்னா நான் சத்துணவுல வாங்கறதும் அவ கொண்டார்றதும்தான். நாளைக்குப் பொழுது எனக்கு எப்படி விடியோணும்னு நீயே ரோசனை பண்ணிக்கோ.

அந்தப் பழைய கெரகத்தை வாங்கப் போன கதையைச் சொல்றேன். போன தை மாசம். ஆபீசுல இருந்த கம்ப்யூட்டரு பழசு, அவ சாப்ட்வேரைப் போட்டாப் படுத்துக்குதுன்னா. சொந்தமா ஒண்ணு வேணும்னா. சரின்னு ரெண்டு பேரும் போனோம். பெரிய ஷோரூமு. ஏ.சி.ல எனக்குப் பல்லு தந்தியடிக்குது. உள்ள நுழைஞ்சதும் வாசல்லயே நான் ஒண்ணைப் பாத்துட்டேன். இதே மாதிரி வெள்ளை, இதே மாதிரி மெல்லிசு. "இதையே எடுத்துக்க சாமி, கண்ணுக்கு நெறைவா இருக்குது"ன்னேன். அவ திரும்பிக்கூடப் பாக்கல. நேராப் போயி அந்தச் சேல்ஸ்காரனைப் புடிச்சுட்டா. ராம் எத்தனை, கார்டு என்ன கார்டு, மணிக்கணக்கா ஓடுனாச் சூடு தாங்குமான்னு மாப்பிள்ளைக்குக் குலம் கோத்திரம் விசாரிக்கறாப்புல விசாரிக்கறா. அவன் எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொல்றான், "மேடம், உங்க சாப்ட்வேருக்குக் கேமிங் லேப்டாப்புதான் செட்டாகும்"ங்கறான்.

கேமிங்கு! எனக்கு அங்கயே வயிறு பத்திக்கிச்சு.

எடுத்துட்டு வந்து வெச்சான் பாரு ஒண்ணு. கருமம். மூடி மேல ஒரு ராட்சசப் பல்லி வாயைப் பொளந்துட்டு நிக்குது, கண்ணு ரெண்டும் செவப்பு. தொறந்தா எழுத்துக்கு அடியில எல்லாம் வெளிச்சம். செவப்பாகுது, பச்சையாகுது, ஊதாவாகுது. நோம்பிக்கு சீரியல் செட்டுப் போட்டாப்புல. ஒரு பொம்பளப்புள்ள தூக்கிட்டுப் போற சாமானா அது? கனம் கை ரெண்டும் கழண்டு விழுது. பின்னால ரெண்டு ஓட்டை, அதுல இருந்து புஸ்ஸுனு அனல் வருது. "என்னடி இது, செங்கச்சூளையா?"ன்னேன்.

"அம்மா, பேருதாம்மா கேமிங். உள்ள இருக்கற கிராபிக்ஸ் கார்டுதான் எனக்கு வேணும். ஒரு கட்டடத்தோட தூணு, உத்திரம் எல்லாத்தையும் ஒண்ணாத் திருப்பிக் காட்டோணும்னா அது இருந்தாத்தான் முடியும்"ங்கறா.

"கார்டுன்னா? சீட்டுக்கட்டா?"ன்னு கேட்டேன். அந்தச் சேல்ஸ்காரன் பொசுக்குனு சிரிச்சுப்போட்டான். எனக்கு மானம் போச்சு. சரி, இதே வேலையைச் செய்யற மாதிரி, பல்லி இல்லாம, வெளிச்சம் இல்லாம, அடக்கமா ஒண்ணு காட்டு தம்பின்னேன். "இருக்குதுங்க மேடம், ஆனா அது வெல ரெண்டு பங்கு வரும்"ங்கறான். பல்லி இல்லாம இருக்கறதுக்கு ரெண்டு பங்கு வெலையாம்! இப்படி ஒரு அநியாயத்தை நீ எங்கயாவது கேட்டிருக்கியா அம்மிணி? இவ பல்லியைத்தான் எடுத்தா. எடுத்து மார்போட அணைச்சுக்கிட்டு வர்றா. நான் பஸ்ல ரெண்டு சீட்டுத் தள்ளி உக்காந்துட்டு வந்தேன்.

கேமிங்குங்கற ஒரு பேருக்கு எதுக்கு இந்தப் பொம்பளை இப்படிக் கெடந்து எரியறான்னுதான் பாக்கறே? எரியாம என்ன பண்ணுவேன். அந்தக் கேமு என்ற குடும்பத்தையே முழுங்கிருச்சு.

எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருக்கறான், தீபன். காலேஜுல ரெண்டாவது வருசம் படிக்கறப்ப ஒரு சுடற கேமைப் புடிச்சான். காதுல பெருசா ஒரு ஹெட்செட்டை மாட்டிக்குவான், கதவைச் சாத்திக்குவான். "அடி, அடி, பின்னால வர்றான் பாரு"ன்னு கத்தறது மட்டும் வெளிய கேக்கும். யாரு வர்றா, யாரை அடிக்கறான், ஒரு மண்ணும் தெரியாது. வெச்ச சோத்துல ஈ மொய்க்கும். குளிக்க மாட்டான். அந்த ரூமுக்குள்ள போனா ஒரு நாத்தம் அடிக்கும் பாரு, த்தூ, இப்ப நெனச்சாலும் மூக்குல நிக்குது. ஒரு நாளு நான் ஸ்கூலுக்குப் போயிட்டேன். எங்கூட்டுக்காரரு பாத்ரூமுல வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு முறிஞ்சு எந்திரிக்க முடியல. ஒத்தச் செவுத்துக்கு அந்தப்பக்கம்தான் பெத்த புள்ளை. "தீபா, தீபா"ன்னு கூப்புட்டிருக்கறாரு. நான் பொழுது சாய வந்து பாக்கறேன், மனுசன் ஈரத்துலயே கெடக்கறாரு, குரல் கம்மிப்போச்சு. செவுத்துக்கு அந்தப்பக்கம் இவன் இன்னும் சுட்டுட்டிருக்கறான்.

ஆஸ்பத்திரில எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "கூப்புட்டுட்டே இருந்தேன் புள்ள"ன்னாரு. அவரு அப்புறம் ஊட்டுக்கு வரல.

காரியம் முடிஞ்ச அன்னைக்கு அவன் கம்ப்யூட்டரைத் தூக்கித் தொவைக்கற கல்லுல போட்டு ஒடைச்சேன். அப்பன் போனப்ப ஒரு சொட்டு அழுகாதவன், அதுக்கு அழுதான் அம்மிணி. நெஞ்சுல அடிச்சுட்டு அழுதான். எனக்கு அருவருத்துப்போச்சு. இப்பத் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறான். மாசம் ஒருக்கா பேசறான். அவன் பேசறப்பவும் பின்னால சுடற சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிட்டு இருக்கறேன்.

என்ன, ஃபோனு அடிக்குதா? என்றதுதான், பைக்குள்ள கெடக்குது. மௌனிகாவாத்தான் இருக்கும். அடிக்கட்டும் விடு. ஊட்டுக்குச் சீக்கிரம் வந்துட்டாளாட்ட இருக்குது. என்ன சமைக்கறதுன்னு கேக்கறதுக்கு இத்தனை ஃபோனு. நேர்ல போயி இந்தப் பையைக் காட்டோணும், அவ மூஞ்சியைப் பாக்கோணும், அதுக்குத்தான் எடுக்காம இருக்கறேன்.

எங்க உட்டேன்? ஆமா, பல்லி ஊட்டுக்கு வந்துச்சு. வந்த நாள்ல இருந்து ஒரே எரைச்சல். அவ அந்தச் சாப்ட்வேரைப் போட்டான்னா உள்ள காத்தாடி சுத்தும் பாரு, கிரைண்டரு ஓடறாப்புல. எனக்கு டி.வி. நியூஸ் கேக்காது. சரி, வேலைக்குத்தானேன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். போன வாரம் அவளுக்கு டீ கொண்டுட்டுப் போறேன், ஸ்கிரீன்ல ஒரு கட்டடம் ஆடுது.

நெசமாத்தான் சொல்றேன். கட்டடம் ஆடுது அம்மிணி! மூணு மாடிக் கட்டடம், இக்கட்டால சாயுது, அக்கட்டால சாயுது, அப்புறம் ஈரத்துணியைப் பிழியறாப்புல முறுக்கிக்குது. மேல செவப்பு, நடுவுல மஞ்சள், கீழ நீலம். இவ என்னடான்னா கன்னத்துல கையை வெச்சுட்டு அதைப் பாத்துச் சிரிச்சுட்டு உக்காந்திருக்கறா. இவளும் போனாளா? ஒண்ணு போனது பத்தாதா?

"என்னடி இது?"ன்னேன்.

"பூகம்பம் வந்தா பள்ளிக்கூடம் எப்படி ஆடும்னு பாக்கறேம்மா. நேத்து வரைக்கும் ஒரு மூலையில ரொம்ப முறுக்குச்சு. இன்னிக்கு ஒரு செவுத்தை மாத்திப் போட்டேன், அடங்கிருச்சு பாரு"ங்கறா. சந்தோசம் தாங்கல அவளுக்கு.

"கெணத்துக்கடவுல எப்பப் பூகம்பம் வந்துச்சு?"

"வந்ததில்லைன்னா வராதாம்மா? உள்ள புள்ளைங்க இருக்குமல்ல. நெசத்துல இத்தனை ஆடாது, ஒரு நூலு ஆடறதை நூறு மடங்கு பெருசாக்கிக் காட்டுது."

இல்லாததைப் பெருசாக்கிக் காட்டறதுக்குப் பேருதானே கேமு? நீயே சொல்லு. புள்ளைங்க உக்கார்ற பள்ளிக்கூடத்தை ஆட்டி ஆட்டி வெளையாடறதுக்கு எப்படித்தான் மனசு வருது? நானும் ஸ்கூல்ல வேலை செய்யறவதான். நூறு புள்ளைங்க வரிசையா உக்காந்து திங்கறதைத் தெனமும் பாக்கறேன். அந்தக் கட்டடம் இப்படி முறுக்கறதை ஒரு நிமிசம் நெனச்சேன், டீயைக் குடுக்காமயே திரும்பிட்டேன். ராத்திரி ரெண்டு வாயி சோறு எறங்கல.

இரு, இரு, குறுக்க பேசாதே, முடிச்சிர்றேன்.

இன்னிக்கு அவளும் சாரும் பள்ளிக்கூடத்து எடத்தைப் பாக்கப் போனாங்க. அங்க ஒரே மண்ணு, தூசின்னு பெட்டியை ஊட்டுல வெச்சுட்டுப் போனா. நான் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பல்லியும் என்னையே பாத்துட்டு இருந்துச்சு. நாளைக்கு டிரஸ்ட்டுக்காரங்க முன்னால, பெரிய மனுசங்க முன்னால, இவ பையைத் தொறந்து இந்தப் பல்லியை எடுத்து வெச்சா என்ன நெனப்பாங்க? வெச்சதும் செவப்பும் ஊதாவும் மின்னும், உள்ள கட்டடம் டான்சு ஆடும். "கேமு வெளையாடற புள்ளகிட்டயா நம்ம பள்ளிக்கூடத்தைக் குடுத்தோம்?"னு எந்திரிச்சுப் போயிர மாட்டாங்களா? வேலை போயிருமல்ல? பெத்தவ நான் பாத்துட்டு இருக்கறதா? பையைத் தூக்கித் தோள்ல போட்டேன், வந்துட்டேன்.

டவுன்ஹால் பக்கத்துல ஒரு சந்துல பழசுக்குப் புதுசு மாத்திக் குடுக்கற கடை இருக்குது. அந்தத் தம்பி தங்கமான தம்பி. பல்லியைப் பாத்ததும் அவன் கண்ணு அகண்டுபோச்சு. "இதைக் குடுக்கறீங்களாக்கா? நெசமாவா?"ன்னு ரெண்டு தடவை கேட்டான். அவனுக்கே அதைத் தொடறதுக்குக் கூச்சமாட்ட இருக்குது. நான் இந்த வெள்ளையைக் காட்டுனேன். ஒரு வார்த்தை பேரம் இல்ல, உடனே எடுத்துக் குடுத்துட்டான். மவுசு ஒண்ணு வேற இலவசமாப் போட்டுக் குடுத்தான்னா பாரு! "என்ன வேலைக்குங்கக்கா?"ன்னான். "ஆபீசு வேலை தம்பி, கௌரவமா இருக்கோணும்"னேன். "ஆபீசுன்னா இது ராஜா மாதிரி ஓடும்"னான். சேல்ஸ்காரன்னா இப்படி இருக்கோணும். ராம், கார்டுன்னு ஒண்ணும் பேசல.

அப்புறம் கேட்டான், "பாஸ்வேர்டு என்னங்கக்கா?"ன்னு. எனக்கென்ன தெரியும்? "அப்ப ஃபார்மட் பண்ணிரவா? உள்ள இருக்கறது எல்லாம் போயிரும், பரவால்லயா?"ன்னான். அந்நேரம் பாத்து மௌனிகா ஃபோனு. எடுத்தாப் பேசிட்டே இருப்பா, ரகசியமும் போயிரும். சத்தத்தைக் கொறைச்சுப் பைக்குள்ள போட்டுட்டு, "எல்லாத்தையும் சுத்தமாத் தொடச்சுவுடு தம்பி, ஒரு பொட்டு இருக்கக் கூடாது"ன்னேன். சைடுல சின்னதா ஒரு பென் டிரைவு சொருகியிருந்துச்சு, மினுக்கு மினுக்குனு. கேமோட வாலு மாதிரி இருந்துச்சு. "இதையும் தொடச்சு நீயே வெச்சுக்கோ, மவுசு குடுத்தயல்ல"ன்னு குடுத்துட்டேன். அவன் ஒரு பட்டனைத் தட்டுனான். ஒரு கோடு ஓடி முடிஞ்சுது. அம்மிணி, நெசமாச் சொல்றேன், எங்கூட்டுக்காரரு போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் எனக்கு நெஞ்சு லேசாச்சு.

என்ன கேக்கறே? உள்ள இருந்ததெல்லாம் எடுத்து வெச்சனான்னா? உள்ள என்ன இருந்துச்சு, பையில ஒரு சார்ஜரு, அதையும் குடுத்துட்டேன். அது எத்தாத்தண்டி செங்கல்லு! பைக்குள்ள இல்லயா? கம்ப்யூட்டருக்குள்ளயா? அதான் சொன்னேனே, கேமுன்னு. நீ எதுக்கு மூஞ்சியை இப்படி வெச்சிருக்கறே? கழுத்துல ஐ.டி. கார்டுப் பட்டையெல்லாம் மாட்டியிருக்கறே, நீ எந்த ஆபீசு? பேங்க்கா? பின்ன உனக்கு டிசைன் வேலையைப் பத்தி என்ன தெரியும்.

மறுக்காவும் அடிக்குது பாரு. சரி, எடுக்கறேன், எடுக்கறேன். வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது, ஸ்பீக்கர்ல போடறேன். நீயும் கேளு, அவ குதிக்கறதை.

"சொல்லு சாமி."

"அம்மா, எங்கம்மா இருக்கறே? என்ற லேப்டாப்பு எங்கம்மா?"

"பஸ்ல வந்துட்டே இருக்கறேன். உனக்கொரு சாமான் கொண்டார்றேன். பல்லியைத் தொலைச்சுத் தலைமுழுகிட்டேன் சாமி. வெள்ளையா, அடக்கமா ஒண்ணு மாத்திட்டேன். நாளைக்கு நீ ராணியாட்ட போலாம்."

"அம்மா... அதுல இருந்த ஃபைலு?"

"ஒண்ணும் கவலைப்படாதே, எல்லாம் தொடச்சாச்சு. யாரு கண்ணுலயும் படாது."

"பென் டிரைவு? அம்மா, பென் டிரைவு இருக்குதல்ல? அதுலதாம்மா இன்னொரு காப்பி..."

"அதையும்தான்."

...

கேக்குதா அம்மிணி? அழறா. ஹலோ. ஏ மௌனிகா. மௌனி. என்னமோ சொல்லிட்டே அழறா. வெச்சுட்டா.

பாத்தியா? உன்ற காதாலயே கேட்டயல்ல? தீபன் அழுதானே, இதே அழுகைதான், இம்மியும் மாறல. அப்பன் போனதுக்குக்கூட இவ இப்படி அழுகல. ஒரு கேமு போனதுக்கு இந்த அழுகை. அப்ப இவளையும் அது புடிச்சிருச்சுன்னுதான அர்த்தம்? நல்லவேளை. சரியான நேரத்துல நான் போயி...

என்ன? டிசைனா? எந்த டிசைன்? அந்த ஆடுன கட்டடமா?

அதுதான் நெசப் பள்ளிக்கூடமா? வெளையாட்டில்லயா?

அதைத்தான் நாளைக்கு... அட, இரு அம்மிணி. அவ கடைசியா என்னமோ சொன்னாளே, ஃபோனை வெக்கறதுக்கு முன்னால. வண்டி ஹாரன் அடிச்சான், எனக்குச் சரியாக் கேக்கல. உனக்குக் கேட்டுச்சா? சொல்லு. பரவால்ல, சொல்லு.

"கூப்புட்டுட்டே இருந்தேனேம்மா"ன்னா?

அப்படியேவா சொன்னா? அந்த வார்த்தையேவா?

அந்தக் கடைக்காரத் தம்பி கேட்டுட்டு நின்னான் அம்மிணி. "பரவால்லயா?"ன்னு கேட்டுட்டு நின்னான். ஃபோனு அடிச்சுட்டே இருந்துச்சு. நாந்தான் சத்தத்தைக் கொறைச்சு...

ஒத்தக்கால்மண்டபம் தாண்டிருச்சா? கண்டக்டர் தம்பி, வண்டியை நிறுத்துங்! நான் எறங்கோணும். ஸ்டாப்பு இல்லாட்டிப் பரவால்ல, ரோட்டுலயே உடுங். திரும்பி டவுன்ஹால் போகோணும், அவன் கடையைச் சாத்தறதுக்குள்ள போகோணும். இந்தப் பையைச் சித்தெ புடி அம்மிணி. தொடச்சது திரும்ப வருமா? நீ பேங்க்குல தெனமும் கம்ப்யூட்டர் முன்னாலதான உக்கார்றே, உனக்குத் தெரியாமயா இருக்கும்? வரும்னு சொல்லு.